முன்னாள் படைவீரர் சலுகைகள்: எந்த வேலைக்கு எந்தக் கதவு

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பும் ஒருவருக்கு வர வேண்டியது நிறைய. மாத ஓய்வூதியம், மொத்தமாக ஒரு பணிக்கொடை, குடும்பத்துக்கே மருத்துவம், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, அரசு வேலையில் ஒதுக்கீடு, கேன்டீன் கார்டு. இவை அத்தனையையும் ஒரே கூரையின் கீழ் தரும் அலுவலகம் மட்டும் கிடையாது. சட்டத்தில் இருப்பது கைக்கு வந்து சேராமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான்: தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, பதிவேட்டில் பெயரோ தேதியோ பொருந்தாமல் இருப்பது.

முதலில் கதவுகளைத் தெரிந்துகொள்வோம். மொத்தம் நான்கு.

ஒன்று ரெக்கார்டு ஆபீஸ். சேர்ந்த நாள் முதல் வெளியே வந்த நாள் வரை உங்கள் ராணுவ வாழ்க்கை இங்கேதான் பதிவாகியிருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு இது குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, மின்-இயந்திரப் பொறியாளர் பிரிவான ஈ.எம்.இ.க்கு செகந்திராபாத், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். மனைவி பெயர், பிள்ளை பிறப்பு, பிறந்த தேதித் திருத்தம் எல்லாம் இந்த அலுவலகத்தின் வேலை.

இரண்டாவது, பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம். பணம் இங்கிருந்து வருகிறது. முன்பு வங்கிகள் செய்துவந்த பட்டுவாடாவை இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற இணையதளம் வழியாக இந்த அலுவலகமே நேரடியாகச் செய்கிறது. வங்கி இப்போது பணம் வந்து விழும் இடம் மட்டுமே. ஓய்வூதியம் குறைந்துவிட்டது என்று வங்கி மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

மூன்றாவது, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். மற்ற மாநிலங்களில் ஜில்லா சைனிக் போர்டு என்பார்கள். தமிழ்நாட்டில் இதன் தலைமையில் ஓர் உதவி இயக்குநர் இருப்பார். அடையாள அட்டை, சார்ந்தோர் சான்று, வேலைவாய்ப்புப் பதிவு, மாநில அரசின் உதவிகள், கொடிநாள் நிதியிலிருந்து வரும் உதவிகள் எல்லாம் இங்கே. மத்திய அரசின் நலநிதிக்குப் போகும் விண்ணப்பங்களும் இந்த மேஜையைத் தாண்டித்தான் டெல்லிக்குப் போகும்.

நான்காவது, முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ்.ஸின் பாலிகிளினிக். மருத்துவம் மட்டும்.

மாவட்ட அலுவலகத்தால் ஓய்வூதியத்தைத் திருத்த முடியாது. பாலிகிளினிக்கால் பெயரைத் திருத்த முடியாது. ஸ்பர்ஷாலும் ரெக்கார்டு ஆபீஸ் சொல்லாமல் மனைவியின் பெயரைச் சேர்க்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் குறையும்.

யார் முன்னாள் படைவீரர்?

சீருடை போட்ட எல்லோரும் இந்தப் பட்டியலில் வருவதில்லை. முப்படைகளில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் வெளியே வந்தவர்கள் வருவார்கள். பணியினால் உண்டான உடல்நலக் குறைவால் மருத்துவ அடிப்படையில் விடுவிக்கப்பட்டு, அதற்கான ஓய்வூதியம் பெறுகிறவர்களும் வருவார்கள். ஆள்குறைப்பில் விடுவிக்கப்பட்டவர்களும், குறுகிய கால ஒப்பந்தத்தை முழுதாக முடித்துப் பணிக்கொடையுடன் வந்தவர்களும் உண்டு. ஓய்வூதியத் தகுதி வருவதற்கு முன்பே சொந்தக் காரணம் சொல்லி விலகியவர்களும், பயிற்சிக் காலத்திலேயே அனுப்பப்பட்டவர்களும் கிடையாது. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவதால் அவர்களுக்கான திட்டங்களே வேறு. பக்கத்து வீட்டு பி.எஸ்.எஃப்.காரர் சொன்ன விதியை நம்பி மனு போடுவது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் தவறு.

காகிதம் முதலில், பணம் பிறகு

வெளியே வரும்போது கையில் இருக்க வேண்டியவை பணி விவரங்கள் அடங்கிய டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை, மருத்துவ வாரிய அறிக்கையின் நகல், குழுக் காப்பீட்டுச் சான்று. ஆதார், பான், வங்கிப் புத்தகம், திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றை இவற்றின் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் தனித் தலைவலி ஒன்று உண்டு. நமக்கு இனிஷியல் பழக்கம். படையின் பதிவேடுகளோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். இனிஷியலை விரித்து எழுதுவார்கள் அல்லது விட்டுவிடுவார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் எழுதுகிறவரின் காதுக்குத் தக்கபடி மாறும். இப்படித்தான் ஆதாரில் ‘முத்துலட்சுமி’யாக இருக்கும் மனைவி டிஸ்சார்ஜ் புக்கில் வெறும் ‘லட்சுமி’யாகிவிடுவார். பிறந்த தேதியோ, சேர்ந்த காலத்தில் யாரோ தோராயமாகச் சொன்ன ஜூலை ஒன்று. கணவர் உயிரோடு இருக்கும் வரை இதனால் ஒன்றும் ஆகாது. அவர் இறந்த மறுமாதம் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோய், ‘நீங்கள்தான் அந்த லட்சுமி என்பதற்கு ஆதாரம்?’ என்ற கேள்வி வரும். அந்த நிலையில் திருத்தம் வாங்குவது பல மாத வேலை.

திருத்தும் முறை இது. நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, ஆதார் நகலும் பிற ஆதாரங்களும் சேர்த்து, மாவட்ட அலுவலகத்தின் பரிந்துரையோடு ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் அதை ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவாக வெளியிட்டுப் பதிவில் ஏற்றுவார்கள். பிறகு பிரயாக்ராஜுக்கு எழுதித் திருத்தப்பட்ட பி.பி.ஓ. வாங்குவார்கள். பார்ட் டூ ஆர்டர் வந்ததோடு வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பி.பி.ஓ.வில் மாறியிருக்கிறதா என்று ஸ்பர்ஷில் நுழைந்து பார்த்த பிறகே முடிந்ததாகக் கொள்ளலாம். ஓய்வுக்குப் பிறகு நடந்த திருமணம், பிறந்த குழந்தை, மறுமணம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

ஓய்வூதியக் கணக்கு

ஜவான் முதல் ஜே.சி.ஓ. (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்) வரை குறைந்தது 15 ஆண்டு, அதிகாரிகளுக்கு 20 ஆண்டு தகுதிச் சேவை இருந்தால் சேவை ஓய்வூதியம் உண்டு. கடைசியாக வாங்கிய கணக்கில் கொள்ளும் ஊதியத்தில் 50 சதவீதம். அடிப்படைச் சம்பளம், ராணுவச் சேவை ஊதியம், தொழில்நுட்பப் பணியாளர்களான ‘எக்ஸ்’ பிரிவுக்கான ஊதியம், தகுதிப்படி ஆகியவை இந்தக் கணக்கில் சேரும். அகவிலைப்படியும் மற்ற படிகளும் சேராது.

ஒரு ஹவில்தாருக்கு இந்த ஊதியம் 46,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் 23,000. இதன் மேல் அகவிலை நிவாரணம் தனி. பணிக்கொடை ஒவ்வோர் ஆறு மாதச் சேவைக்கும் கால் மாத ஊதியம் என்ற கணக்கில் வரும். 17 ஆண்டுக்கு எட்டரை மாத ஊதியம். இதில் அகவிலைப்படியும் சேரும். பணிக்கொடையின் உச்சவரம்பு 2024 ஜனவரி 1 முதல் 25 லட்சம் ரூபாய்.

அடுத்து, எல்லோரும் குழம்பும் இடம்: கம்யூட்டேஷன். ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது இது. சிவில் ஊழியர்களுக்கு 40 சதவீதம் வரை, படைவீரர்களுக்கு 50 சதவீதம் வரை. நம் ஹவில்தார் பாதியை, அதாவது மாதம் 11,500 ரூபாயை விட்டுக்கொடுத்தால், அதை 12 ஆல் பெருக்கி, வயதுக்குரிய காரணியாலும் பெருக்குவார்கள். நாற்பதை ஒட்டிய வயதில் அந்தக் காரணி ஏறத்தாழ 9. கையில் வருவது 12 லட்சத்துச் சொச்சம். அடுத்த 15 ஆண்டுகளில் பிடிக்கப்படுவது 20.7 லட்சம். பதினைந்து ஆண்டு முடிந்ததும் முழு ஓய்வூதியம் திரும்ப வரும்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, அகவிலை நிவாரணம் எப்போதும் குறைக்கப்படாத 23,000க்குத்தான் கணக்கிடப்படும் என்பது. ஆகவே மாத வருமானம் பாதியாகிவிடாது. வீடு கட்டும் கடன் இருப்பவருக்கு இது நல்ல வழி. வாங்கிய பணத்தை ஊரில் வட்டிக்கு விடுகிறவருக்கும், ‘மாதம் இவ்வளவு சதவீதம் தருகிறோம்’ என்று வருகிற நிதி நிறுவனத்தை நம்புகிறவருக்கும் இது ஆபத்தான பணம். ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் கேட்டால் மருத்துவப் பரிசோதனை இல்லாமலே கிடைக்கும். எந்த மாதம் பதினைந்து ஆண்டு முடிகிறது என்று குறித்து வைத்து, அந்த மாதத்து ஓய்வூதியச் சீட்டைப் பாருங்கள். பிடித்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் ஸ்பர்ஷிலேயே குறைதீர் மனு போடலாம்.

ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் திட்டம் 2014 ஜூலை 1 முதல் கணக்கில் வந்தது. ஒரே பதவியில், ஒரே அளவு சேவைக்காலத்தில் ஓய்வு பெற்றவர்கள் எந்த ஆண்டில் வெளியே வந்திருந்தாலும் ஒரே ஓய்வூதியம் பெற வேண்டும் என்பது கொள்கை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுசீரமைப்பு. 2019இலும் 2024இலும் ஜூலை 1 முதல் புதிய விகிதங்கள் வந்தன. இதற்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை. அட்டவணையில் உங்கள் பதவி, பிரிவு, சேவைக்காலம் மூன்றையும் பொருத்திப் பாருங்கள். வித்தியாசம் வருகிறது என்றால் அநேகமாகப் பழைய பி.பி.ஓ.விலிருந்து ஸ்பர்ஷுக்கு மாற்றியபோது பிரிவோ சேவைக்காலமோ தப்பாக ஏறியிருக்கும். வாக்குவாதங்களை விட்டுவிட்டு முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். திட்டம் வந்த பிறகு சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே விலகியவர்களுக்கு இது பொருந்தாது.

ஆயுள் சான்று

ஒவ்வோர் ஆண்டும் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். ஜீவன் பிரமாண் என்ற மின்னணு ஆயுள் சான்று முறையில் கைரேகை வைத்தோ முகத்தைக் காட்டியோ செய்யலாம். கைரேகை தேய்ந்துபோன வயதானவர்களுக்கு முகப்பதிவுச் செயலி பெரிய உதவி. பொதுச் சேவை மையம், பாதுகாப்பு ஓய்வூதியப் பட்டுவாடா அலுவலகம், சில வங்கிகளின் சேவை மையங்கள், தபால்காரர் என்று வழிகள் பல.

கோளாறு வருவது திரையில் தேர்வு செய்யும் இரண்டு கட்டங்களில். ஓய்வூதியம் அனுமதித்த அலுவலகம் எது, பட்டுவாடா செய்யும் அலுவலகம் எது என்று கேட்கும். மையத்தில் இருக்கும் பையன் பழக்கத்தில் உங்கள் வங்கியின் பெயரைத் தட்டிவிடுவான். சான்று வெற்றி என்று செய்தியும் வந்துவிடும். ஆனால் அது வங்கிக்குப் போயிருக்கும், ஸ்பர்ஷுக்குப் போயிருக்காது. சில வாரம் கழித்து ஓய்வூதியம் நின்றுவிடும். பட்டுவாடா கட்டத்தில் ‘ஸ்பர்ஷ்’ என்று தொடங்கும் பிரயாக்ராஜ் அலுவலகத்தைத் தேர்வு செய்ய வேண்டும். பட்டியலில் அது இன்னும் ‘அலகாபாத்’ என்ற பழைய பெயரில்தான் இருக்கும். பி.பி.ஓ. எண்ணும் பழையதல்ல, ஸ்பர்ஷ் கொடுத்த புதிய எண். முடித்ததும் ஸ்பர்ஷில் நுழைந்து, அடுத்த சான்றுக்கான தேதி ஓராண்டு தள்ளிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். தள்ளிப்போகவில்லை என்றால் சான்று சேரவில்லை.

ஊனம், காயம், நோய்

பணியால் உண்டானது, அல்லது பணியால் தீவிரமானது என்று மருத்துவ வாரியம் ஒப்புக்கொண்ட குறைபாடு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஊன ஓய்வூதியம். இதில் இரண்டு பகுதி உண்டு. சேவைப் பகுதி ஒன்று, ஊனப் பகுதி இன்னொன்று. நூறு சதவீத ஊனத்துக்கு ஊனப் பகுதி ஊதியத்தில் 30 சதவீதம். போரிலோ எதிரி நடவடிக்கையிலோ பட்ட காயத்துக்கு இதைவிட உயர்ந்த விகிதம் உண்டு.

சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மேலே ஏற்றும் முறை ஒன்று இருக்கிறது. 50க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை இருந்தால் 75, அதற்கும் மேலே இருந்தால் 100. நம் ஹவில்தாருக்குக் காது கேட்பதில் 20 சதவீதக் குறைபாடு, பணியால் வந்தது என்று பதிவாகியிருந்தால், 50 சதவீதமாகக் கொண்டு, 46,000இல் 15 சதவீதம், அதாவது 6,900 ரூபாய் கூடுதலாக வரும். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறையில் உள்ளன. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு அவையே பொருந்தும்.

‘பணியால் வந்ததும் அல்ல, தீவிரமானதும் அல்ல’ என்று வாரியம் எழுதிவிட்டால் ஊனப் பகுதி மறுக்கப்படும். ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றில் இது அதிகம் நடக்கும். மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் மறுத்தால் இரண்டாவது, அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். இதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. தீர்ப்பாயத்தில் மையமாக வைக்கும் வாதம் பெரும்பாலும் ஒன்றுதான்: சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் இந்த நோய் குறிக்கப்படவில்லை, ஆகவே பணியில் இருக்கும்போது வந்தது. இதற்கு வேண்டிய ஆவணம் மருத்துவ வாரிய அறிக்கை. வெளியே வரும் அன்றே நகல் கேட்டு வாங்குங்கள். காலம் தாழ்த்தினால் வழக்கு தள்ளுபடியாகும் என்றில்லை, ஆனால் நிலுவைத் தொகை பொதுவாக வழக்குப் போட்ட நாளிலிருந்து பின்னோக்கி மூன்று ஆண்டுக்கு மட்டுமே கிடைக்கும்.

கை கால் இழந்தவர்களுக்குப் புனேயில் செயற்கை உறுப்பு மையம் உண்டு. தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குப் புனேயை ஒட்டிய கிர்க்கியிலும் பஞ்சாபின் மொகாலியிலும் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன.

அவருக்குப் பிறகு

ஓய்வுக்குப் பின் இயல்பாக இறந்தால் மனைவிக்குச் சாதாரண குடும்ப ஓய்வூதியம், ஊதியத்தில் 30 சதவீதம். நம் கணக்கில் 13,800. முதல் ஏழு ஆண்டுகளுக்கு, அல்லது இறந்தவருக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள் வரைக்கும், இவற்றில் எது முந்தையதோ அதுவரை, 50 சதவீத உயர் விகிதம். பணியில் இருக்கும்போது பணி தொடர்பான காரணத்தால் இறந்தால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் 60 சதவீதம். போரில் இறந்தால் முழு ஊதியமும் தாராளக் குடும்ப ஓய்வூதியமாக வரும்.

இறப்பை உடனே ஸ்பர்ஷில் தெரிவிக்க வேண்டும். ரெக்கார்டு ஆபீஸுக்கும் தனியாக எழுத வேண்டும். பத்து நாள் காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, பிறகு மறந்து, இரண்டு மாதப் பணம் கணவர் கணக்கில் விழுந்துவிட்டால், அதைப் பின்னால் மனைவியின் ஓய்வூதியத்திலிருந்து பிடித்துவிடுவார்கள். இறப்புச் சான்று, பி.பி.ஓ., ஆதார், பான், மனைவி பெயரில் வங்கிக் கணக்கு, இவை போதும், பெயர்கள் பொருந்தியிருந்தால்.

பலர் கேட்காமலே விட்டுவிடும் இரண்டு தொகைகளை இங்கே சொல்ல வேண்டும். ஓய்வுபெறும்போது ராணுவக் குழுக் காப்பீட்டு நிதி, ஓய்வுக்குப் பின்னும் குறிப்பிட்ட காலம் தொடரும் நீட்டிப்புக் காப்பீட்டுச் சான்று ஒன்றைத் தரும். பீரோவின் அடியில் கிடக்கும் அந்தத் தாள் ஒரு காப்பீட்டுத் தொகை. மற்றது, பாதுகாப்புப் படையினருக்கான சம்பளத் திட்டக் கணக்கு வைத்திருக்கும் வங்கிகள் ஓய்வூதியருக்கும் தரும் விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்தால் வங்கியில் கேட்டுப் பாருங்கள். கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காகவே இருந்தால் கிடைக்காது. ஆகவே கணக்கின் வகையை இப்போதே மாற்றிக்கொள்வது நல்லது.

மனநலக் குறைவோ நிரந்தர ஊனமோ உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் இருவருக்குப் பிறகும் வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. வருமான நிபந்தனைக்கு உட்பட்டு, மணமாகாத, விதவையான, விவாகரத்தான மகளுக்கும் உண்டு. ஊனமுற்ற பிள்ளையின் பெயரைத் தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே பி.பி.ஓ.வில் ஏற்றிவிட வேண்டும். அண்ணன் தம்பிகள் பின்னால் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால், அந்தப் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடவே நீதிமன்றம் வரை போக வேண்டிவரும்.

மருத்துவம்

ஈ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை பணம் கட்டினால் போதும். ரெக்ரூட் முதல் ஹவில்தார் வரை 30,000, ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000 ரூபாய். 1996 ஜனவரி 1க்கு முன் ஓய்வு பெற்றவர்களும் போர் விதவைகளும் கட்ட வேண்டியதில்லை. திட்டம் வந்த பிறகு ஓய்வு பெற்ற ஓய்வூதியர்களுக்கு இது கட்டாயம், பணம் தானாகப் பிடிக்கப்படும். பழையவர்கள் இப்போதும் சேரலாம். வயது வரம்போ, ஏற்கெனவே நோய் இருக்கிறதே என்ற தடையோ இல்லை. சேராதவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி. ஒரே ஒரு ஆஞ்சியோவின் பில்லைப் பார்த்தவர் அந்த ஆயிரத்துக்காகத் திட்டத்தை விடமாட்டார்.

மனைவி, வேலையில்லாத 25 வயதுக்கு உட்பட்ட மகன், மணமாகாத மகள், சேர்ந்து வாழும் பெற்றோர் ஆகியோர் சார்ந்தவர்கள். மகளுக்கும் பெற்றோருக்கும் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும். பெற்றோரில் இருவர் வருமானமும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

நடைமுறை எளிது. கார்டுடன் பாலிகிளினிக் போக வேண்டும். மருத்துவர் பார்ப்பார், மருந்து தருவார். மேல்சிகிச்சை வேண்டுமென்றால் இணையத்தில் ரெஃபரல் போடுவார். அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் எது என்று தேர்வு செய்வது நோயாளியின் உரிமை. ‘அங்கேதான் போகணும்’ என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மருந்து ஸ்டாக்கில் இல்லை என்றால் இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் வெளியே வாங்கிய மருந்துக்குப் பணம் திரும்ப வராது.

நெருக்கடி நேரத்தில் ரெஃபரல் தேவையில்லை. அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் நேராகச் சேரலாம், கார்டைக் காட்டினால் முன்பணம் கேட்கக் கூடாது. நெஞ்சு வலி வந்தவரை அருகில் இருக்கிற ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டீர்கள், அது பட்டியலில் இல்லை என்றால், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் தர வேண்டும். அவசரச் சான்று, விவரமான பில், டிஸ்சார்ஜ் சுருக்கம் மூன்றும் வேண்டும். அப்போதும் அரசு நிர்ணயித்த கட்டணம்தான் திரும்ப வரும், ஆஸ்பத்திரி போட்ட பில் அல்ல. ஆகவே உயிருக்கு ஆபத்து தாண்டியதும் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவதே லாபம். உங்கள் ஊரைச் சுற்றி எந்த எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவுக்குப் பட்டியலில் இருக்கிறது என்று வீட்டுக் கதவில் ஒட்டி வைப்பது நல்லது. இதயத்துக்கு அங்கீகாரம் உள்ள ஆஸ்பத்திரி எலும்புக்கு இல்லாமல் இருக்கலாம்.

பிள்ளைகளின் படிப்பு

பிரதமர் கல்வி உதவித் திட்டத்தில் ஆண்டுக்கு 5,500 பேருக்கு உதவி கிடைக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு மாதம் 3,000, ஆண் பிள்ளைகளுக்கு 2,500 ரூபாய். பொறியியல், மருத்துவம், பி.எட்., எம்.பி.ஏ. போன்ற தொழிற்படிப்புகளுக்கு மட்டும். சாதாரண பி.ஏ., பி.எஸ்ஸிக்குக் கிடையாது. தகுதித் தேர்வில் 60 சதவீதம் வேண்டும். முதலாமாண்டில் சேர்ந்த உடனே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாமாண்டில் விழித்துக்கொண்டு பயனில்லை. மாவட்ட அலுவலகச் சான்று, கல்லூரி முதல்வர் சான்று, வங்கிச் சான்று மூன்றும் இணைக்கணும். தேதி முடியும் வாரத்தில் கல்லூரி முதல்வர் விடுப்பில் போவது வழக்கம், முன்னதாகவே வாங்கிவிடுங்கள்.

ஹவில்தார் வரை உள்ளவர்களுக்கு மத்திய நலநிதியிலிருந்து வேறு உதவிகள் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் இவை இரட்டிப்பாகியுள்ளன: இரண்டு பிள்ளைகள் வரை பட்டப்படிப்பு முடிய ஆளுக்கு மாதம் 2,000, மகள் திருமணத்துக்கு ஒரு லட்சம், ஓய்வூதியம் இல்லாத 65 வயது தாண்டியவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாதம் 8,000 ரூபாய். கடைசியாகச் சொன்னது யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்கே தெரிவதில்லை. ஐந்தாறு வருஷம் இருந்துவிட்டு ஆள்குறைப்பில் வந்த பழைய சிப்பாய்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் புக் இருந்தால் மாவட்ட அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. விண்ணப்பிக்கும்போதே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, உதவி இயக்குநரின் சான்றை ஏற்ற வேண்டும்.

வேலையும் தொழிலும்

மத்திய அரசின் குரூப் ‘சி’ பணிகளில் 10 சதவீதம், பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் அதே நிலையில் 14.5 சதவீதம் ஒதுக்கீடு. வயதுக் கணக்கில் உங்கள் வயதிலிருந்து சேவை ஆண்டுகளைக் கழித்து, மேலும் மூன்றைக் கழிக்கணும். 41 வயதில் 17 ஆண்டு சேவையோடு வந்தவருக்கு வயது 21 என்றே கொள்வார்கள். பத்தாம் வகுப்பு முடித்து 15 ஆண்டு சேவை செய்தவருக்குப் பட்டத்துக்கு இணையான சான்று தரப்படுகிறது. பட்டம் கேட்கும் பல குரூப் ‘சி’ பணிகளுக்கு அது செல்லும், எல்லாவற்றுக்கும் அல்ல. அறிவிக்கையைப் படியுங்கள்.

முக்கியமான ஒரு விதி. ஒதுக்கீட்டில் ஒரு சிவில் வேலையில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. ஆனால் முதல் வேலையில் சேருவதற்கு முன்பே வேறு பணிகளுக்கு விண்ணப்பித்திருந்தால், சேர்ந்த உடனே எந்தெந்தத் தேதியில் எந்தெந்தப் பணிக்கு விண்ணப்பித்தேன் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் அவற்றுக்கு ஒதுக்கீடு தொடரும். பலர் கிளார்க் வேலையில் சேர்ந்துவிட்டு, வங்கி முடிவு வரும்போது இந்த ஒரு தாள் இல்லாமல் திண்டாடுகிறார்கள்.

தொழில் தொடங்க நினைப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் உண்டு. டெல்லியிலுள்ள மறுவாழ்வு இயக்குநரகம் பாதுகாப்பு நிறுவனங்கள் நடத்தப் பரிந்துரையும், வேலைப் பயிற்சியும் தருகிறது.

அக்னிவீரர்களின் கணக்கு வேறு. நான்கு ஆண்டு முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு ஓய்வூதியமோ பணிக்கொடையோ முன்னாள் படைவீரர் தகுதியோ இல்லை. வரி இல்லாத சேவா நிதி சுமார் 11.71 லட்சம் ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு 2022இல் அறிவிக்கப்பட்டது. மேலே சொன்ன ஈ.சி.எச்.எஸ்., ஓய்வூதியக் கணக்குகள் எதையும் இவர்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

வேலை நடக்காவிட்டால்

முதலில் ஸ்பர்ஷிலேயே புகார் பதியுங்கள், எண் கிடைக்கும். அதில் அசைவில்லை என்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறையைக் குறிப்பிட்டு எழுதலாம். அதில் பழைய புகார் எண்ணையும், எந்தத் தேதியில் எந்தத் தொகை வர வேண்டும் என்ற கணக்கையும் நான்கு வரியில் கொடுங்கள். ‘நாட்டுக்காக உழைத்தேன்’ என்று தொடங்கும் மூன்று பக்க மனுவைவிட இதற்குப் பதில் சீக்கிரம் வரும். ஓய்வூதியக் குறைகளை நேரில் தீர்க்கும் முகாமான ஓய்வூதிய அதாலத் உங்கள் பகுதியில் நடக்கும்போது, அதே காகிதங்களோடு முன்கூட்டியே பதிவுசெய்து போனால் கணக்கு அதிகாரிகளே எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். நிலத்தகராறு, குடும்ப வழக்கு போன்ற சிவில் சிக்கல்களுக்கு, 2025 ஜூலை 26 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கிய வீர் பரிவார் உதவித் திட்டத்தின்படி சைனிக் போர்டு அலுவலகங்களில் இலவசச் சட்ட உதவி மையங்கள் அமைக்கப்படுகின்றன. உங்கள் மாவட்ட அலுவலகத்தில் வக்கீல் எந்தக் கிழமை வருகிறார் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.